கரும்பு அங்கேயே இருக்கட்டும்

ஃபார்கோ, வடக்கு டகோட்டா
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் உன்னிடம் கத்தியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. அந்தப் போனுக்குப் பிறகு நீ அனுப்பியது "சரிப்பா" என்ற ஒரே வார்த்தை. உன் கோபம் எனக்குத் தெரியும். கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிக் காரில் வைத்துவிட்டு, ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி, ஆசையாக ஒரு போன் போட்டாய். அப்பன் "வராதே" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

"இங்கே வெயில் அடிக்குதுப்பா, ரோடு இன்னும் மூடலையேப்பா" என்று நீ சொன்னது இரண்டும் உண்மைதான். அதுதான் எனக்குப் பயம். அன்று காலை இங்கேயும் 31 டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலையை ஒட்டி, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிர்வீட்டுப் பையன்கள் கோட்டு போடாமல் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு ஓடினார்கள். மதியம் 2 மணிக்கு அம்மா டியூட்டிக்குக் கிளம்பியபோது மாற்றுத்துணி, பல்துலக்கி, தயிர்சாத டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் அவளுக்கு வானிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்துவிட்டது. நீ போன் செய்த 4 மணிக்கு மேற்கே அடிவானம் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மாதிரி நின்றது. ஐந்தே காலுக்கு எதிர்வீடு தெரியவில்லை. ஏழு மணிக்கு இரண்டு நெடுஞ்சாலைகளுக்கும் குறுக்கே கம்பியை இறக்கிவிட்டார்கள்.

நீ கிளம்பியிருந்தால் ஏழு மணிக்கு எங்கே இருந்திருப்பாய்? மினியாபோலிஸிலிருந்து சுமார் 235 மைல். ஃபெர்கஸ் ஃபால்ஸ் வரைக்கும் ஏரியும் மேடும் மரமுமாக இருக்கும், காற்று அவ்வளவாகத் தெரியாது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தரை அப்படியே இறங்கித் தட்டையாகிவிடும். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் அகாசி என்ற பெரிய ஏரி கிடந்த இடம் அது. அந்த ஏரியின் அடித்தரையில்தான் இன்றைக்கு நாம் குடியிருக்கிறோம். நாலாப்பக்கமும் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. வடதுருவத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்கம்பி வேலிதான் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நீ சரியாக அந்தக் கடைசி 50 மைலில், இருட்டில், தனியாக இருந்திருப்பாய்.

பனிப்புயல் என்றதும் கொட்டோ கொட்டென்று பனி கொட்டும் என்றுதான் ஊரில் சித்தப்பாக்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் விழுந்தது மொத்தமே மூன்று அங்குலம். இங்கே வானிலைத் துறைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. மணிக்கு 35 மைலுக்கு மேல் காற்று, கால் மைலுக்குக் கீழே பார்வை, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலே போதும், வானத்திலிருந்து ஒரு பொட்டுகூட விழ வேண்டாம். அந்தப் பனியும் பஞ்சு மாதிரி இருக்காது, மைதா மாவு மாதிரி இருக்கும். கதவிடுக்கு, சாவித் துவாரம், மூக்கு, கண்ணிமை என்று எல்லா இடத்திலும் புகுந்துவிடும்.

புதன்கிழமை முழுக்க அப்படித்தான் இருந்தது. நான் செய்த ஒரே வேலை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் குழாயைக் காத்தது. வீட்டின் வடக்குச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. பனி மூடினால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு போய் மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு வந்தேன். பின்வாசலிலிருந்து அங்கே பன்னிரண்டு எட்டு. இருபது வருஷமாக இருக்கிற வீடு. ஆனாலும் சுவரிலிருந்து கையை எடுக்காமல்தான் நடந்தேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாற்று ஆள் வர முடியவில்லை. இரண்டு ராத்திரி அங்கேயே, வேலை பார்த்தபடியும் நடுவில் ஒரு காலி அறைக் கட்டிலில் இரண்டு இரண்டு மணி நேரம் தூங்கியும் சமாளித்தாள். அவளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவள் கூரைக்கு அடியில் இருந்தாள்.

இப்போது என் காது விஷயம். என் இடது காதின் மேல்நுனி வெளுத்துத் தடித்திருக்கும். சின்ன வயதில் நீ அதைத் தடவிப் பார்த்து, என்னப்பா இது என்று கேட்பாய். ஊரில் கன்றுக்குட்டி கடித்தது என்று சொல்லி வைத்தேன். அது பொய், கண்ணு.

நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்தது 1996 ஆகஸ்டில். மார்கழிப் பனியில் காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதுதான் அதுவரை நான் கண்ட குளிர். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று உன் அப்பாயி சொல்வாள். வயலில் புல்நுனியில் நிற்கும் ஈரமும் பனி, இங்கே காரைப் புதைப்பதும் பனி. நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் அந்தச் சொல்லை நம்பி வந்தவன்.

அந்தக் குளிர்காலத்தில் ஃபார்கோவில் மொத்தம் 117 அங்குலம் பனி விழுந்தது, கிட்டத்தட்டப் பத்தடி. எட்டுப் பனிப்புயல்கள். கிராண்ட் ஃபோர்க்ஸ் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயர் வைத்தது. ஆண்டியில் தொடங்கி ஏப்ரலில் ஹானாவில் முடிந்தது. பிறகு அத்தனை பனியும் உருகி, சிவப்பாறு பெருகி, கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரையே காலி செய்ய வேண்டி வந்தது. அதெல்லாம் உனக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அந்த ஜனவரியில் ஒரு நாள் நண்பனின் பழைய காரை வாங்கிக்கொண்டு கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கிளம்பும்போது ரோடு திறந்துதான் இருந்தது. ஹில்ஸ்பரோவுக்குக் கொஞ்சம் முன்னால் முன்கண்ணாடி ஒரே வெள்ளையாகிவிட்டது. எது ரோடு, எது வானம் என்று தெரியவில்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கி நின்றது. காலில் தோல் ஷூ, உடம்பில் ஊரில் வாங்கிய ஸ்வெட்டர், மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட். காற்று ஒரு கணம் தணிந்தபோது தூரத்தில் ஒரு பண்ணை வீட்டு விளக்கு தெரிந்தது. நடந்துவிடலாம் என்று இறங்கினேன்.

முப்பது எட்டு வைத்திருப்பேன். விளக்கு மறைந்துவிட்டது. திரும்பினால் காரையும் காணவில்லை. என் கால்தடத்தைப் பார்த்தே திரும்பிவிடலாம் என்று குனிந்தேன், தடமும் இல்லை. அது இருட்டு இல்லை, பாப்பா. எல்லாம் வெளிச்சமாகத்தான் இருந்தது, ஆனால் என் முழங்கை தெரியவில்லை. மேலே எது, கீழே எது என்றே புரியாமல் தலை சுற்றியது. தவழ்ந்தேன். கையில் ஒரு முள்கம்பி பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன், எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியாமல். எவ்வளவு நேரமோ. கம்பி ஓரிடத்தில் பனிக்குள் புதைந்தது. அங்கே மேடு மாதிரி இருந்ததில் ஏறினால், மறுபக்கம் சரிந்து விழுந்து, தலை காரின் பின்பக்கத்தில் இடித்தது. இன்னும் மூன்று முழம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்திருந்தால் நீ இல்லை.

உள்ளே போய் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்துவிட்டேன். அதுவும் தப்பு என்று அப்போது தெரியாது. பீட் கிழங்கு பயிரிடும் ஒரு பெரியவர் ராத்திரி டிராக்டரில் வந்தார். கதவைத் திறப்பதற்கு முன்னால் அவர் குனிந்து புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைத்தான் முதலில் தோண்டி எடுத்தார். குழாய் அடைத்தால் புகை வண்டிக்குள்ளேயே வந்து ஆளைக் கொன்றுவிடும் என்று பிறகு சொன்னார். அவர் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவர் மனைவி என் காதை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அந்தக் காதுதான் இது. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்றால், நீ இந்த ஊரில் பிறந்தவள். உன் ஊரைப் பற்றி என் பயத்தை உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன். குளிரில் நீ பந்து விளையாடினாய், சறுக்கினாய், பனியில் படுத்துச் சிரித்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உனக்குப் பத்து வயதில் நாம் மேற்கே போனபோது சென்டர் என்ற சின்ன ஊரில் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல். ஹேசல் மைனர், பதினைந்து வயது. 1920 மார்ச்சில் புயல் வந்ததும் அவளுடைய அப்பா குதிரையில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, கொட்டிலிலிருந்து தன் குதிரையைக் கொண்டுவரப் போனார். அதற்குள் வண்டிக் குதிரை தானாகக் கிளம்பிவிட்டது. அவர் வந்து பார்த்தபோது வண்டி இல்லை. வண்டி கவிழ்ந்த இடத்தில் ஹேசல் தம்பியையும் தங்கையையும் கீழே படுக்கவைத்து, போர்வையைப் போட்டு, தன் கோட்டைத் திறந்து அவர்கள் மேல் விரித்து, தானும் மேலே படுத்துக்கொண்டாள். தூங்காதீர்கள், தூங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மறுநாள் மதியத்துக்கு மேல் கண்டுபிடித்தபோது சின்னவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். அவள் இல்லை.

நீ அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "அந்த அப்பா அப்புறம் என்னப்பா பண்ணார்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நீ "கிளம்பறேன்பா" என்றதும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்து நின்றது. நிதானமாகச் சொல்லியிருக்கலாம். தொண்டை அடைத்துவிட்டது, அதனால் கத்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

சரி, பொங்கலைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை காற்று குறைந்து வானம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மைனஸ் 27. மணிக்கு 15 மைல் காற்று இருந்ததால் உடம்புக்கு மைனஸ் 54 என்றார்கள். பத்து நிமிடத்துக்குள் திறந்த தோல் உறைந்துபோகும். அடுப்பில் பானையை வைத்துவிட்டுக் கிழக்கு ஜன்னலில் திரையை விலக்கினேன். எட்டு மணிக்கு மேல் சூரியன் எழும்பினான். அவனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சூரியன்! உள்பக்கம் சிவந்து, வெளிப்பக்கம் வால் விட்டு, நடுவில் வளையம் போட்டு. காற்றில் மிதக்கும் அறுகோணப் பனித்துகளில் வெளிச்சம் வளைவதால் வருவது என்று எனக்குத் தெரியும், இங்கே பல தடவை பார்த்தும் இருக்கிறேன். ஆனால் பொங்கல் அன்று, பானை பொங்கி வழியும் நேரத்தில் இதுவரை பார்த்ததில்லை. தனியாளாக "பொங்கலோ பொங்கல்" என்று சத்தமாகச் சொன்னேன். மூன்று பேருக்கும் சேர்த்தே படைத்தேன்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். கண்ணிமையில் பனி ஒட்டியிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் பானையிலிருந்தே கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள். மதியம் ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று போனில் செய்தி வந்தது. "பாருங்க, தை பிறந்ததும் வழி பிறந்துடுச்சு" என்றாள். அப்புறம் உன் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை மைனஸ் 29. ராத்திரி முழுக்க இன்ஜின் ஹீட்டரைச் சொருகி வைத்திருந்தும் கார் முனகிக்கொண்டுதான் எழுந்தது. டயரின் அடிப்பக்கம் தட்டையாக உறைந்து, தெருமுனை வரை கட்டைவண்டி மாதிரி குலுங்கியது. இன்று பரவாயில்லை, மைனஸ் 5. எதிர்வீட்டுப் பையன்கள் மறுபடியும் வெளியே வந்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளி வருகிறாயா? வருவதானால் டிக்கியில் இதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்: மண்வெட்டி, கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு தகர டப்பா, வேர்க்கடலை. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. வண்டி நின்றுவிட்டால் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டு. அதற்கு முன்னால் புகைக்குழாயைப் பார், ஜன்னலை ஒரு விரல் இடைவெளிக்குத் திற. எவ்வளவு பக்கத்தில் விளக்கு தெரிந்தாலும் இறங்கி நடக்காதே.

கரும்பு அங்கேயே இருக்கட்டும். ஈரத்துணியில் சுற்றிச் சமையலறையில் வை, பால்கனியில் வைத்தால் உறைந்து வெடித்துவிடும். ஒரு வாரம் தாங்கும். பச்சரிசியும் வெல்லமும் மீதி இருக்கிறது, நீ வந்ததும் இன்னொரு பானை வைக்கலாம் என்று அம்மா சொல்கிறாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போடு. மேற்கே வானம் எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா