குடிநோயாளிகளின் தற்கொலையைத் தடுக்கத் தொலைபேசி வழித் தொடர் கவனிப்பு கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுயஉதவிக் குழுவினர்,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தற்கொலைக்கு முயன்று பிழைத்த குடிநோயாளிகளை அரசே தொலைபேசியில் அழைத்துக் கவனிக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

குடிபோதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை மருத்துவர்கள் காப்பாற்றி அனுப்பினாலும், அவர் திரும்பி வருவது அதே குடிக்கும் அதே கடனுக்கும்தான். மனநல மருத்துவரை மறுபடி பார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும் என்பதால், மறுமுறை வரச் சொல்லி எழுதித் தந்த சீட்டு பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கிறது.

2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 டெலிமானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு நன்றியுடையோம். ஆனால் அந்த எண்ணைப் பாதிக்கப்பட்டவரோ வீட்டாரோதான் முதலில் அழைக்க வேண்டியிருக்கிறது. குடித்திருக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு அந்த நினைவு வருவதில்லை. தெளிந்தபின் வெட்கம் விடுவதில்லை. ஆகவே அழைப்பு அரசிடமிருந்து வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சென்னை உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி, 2008இல் முடிவு வெளியான ஆய்வில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் சுமார் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவர்களுள் தற்கொலையால் இறந்தோர் 0.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 விழுக்காடு. அந்த ஆய்வு குடிநோயாளிகளுக்கென்று நடந்ததன்று. எனினும் இங்கு முயன்று பார்க்க அது போதிய காரணம் என நம்புகிறோம். தற்கொலைக்கு முயன்றோருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவும் சொல்கிறது.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே நோயாளியின் ஒப்புதலுடன் அவர் எண்ணையும் மனைவி அல்லது தாயின் எண்ணையும் பதிந்து, கூடியவரை ஒரே ஆலோசகரே தொடர்ந்து பேசவும், முதல் சில வாரங்களில் அடிக்கடி அழைக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். அவர் போதையில் இருந்தால் இணைப்பைத் துண்டிக்காமல் வீட்டாரிடம் பேசி, மறுநாள் காலை மீண்டும் அழைக்க வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அங்கெல்லாம் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் நேரில் செல்லலாம். குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் தொலைபேசி ஆலோசனையோடு நிறுத்தாமல், 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழிகாட்ட வேண்டும். இவ்விவரங்கள் ஊருக்குள் கசியக் கூடாது. கசிந்தால் அடுத்தவர் தம் எண்ணைத் தர மாட்டார்.

முதற்கட்டமாக எங்கள் வட்டத்தில் இதனைச் செயல்படுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் சுயஉதவிக் குழுவினர்,
கொல்லிமலை வட்டம்.