கோத்தகிரி என்ற சொல் சரியாகத் தெரிகிறதா என்று பார்

கோத்தகிரி,
12-2-2012.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. ஆனால் தை முடிகிற இந்த நாளிலும் காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துத்தான் கிடக்கிறது. ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து வரும்போது எந்த டேப்லெட்டை வாங்கி வருவது என்று தொலைபேசியில் கேட்டாய். அன்று பாதி சொல்வதற்குள் இணைப்பு துண்டித்துப் போனது. மூன்று மாதமாக ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியவள் என்பதால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி.

இந்த ஆசை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது சென்ற ஆயுத பூசையன்று. அக்டோபர் 5-ஆம் தேதி தில்லியில் அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்ற மலிவு விலைப் பலகைக் கணினியை வெளியிட்டதையும், அரசுக்கு அது 2,276 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதையும் தொலைக்காட்சியில் கண்டோம். மறுநாள் விஜயதசமி, காலையில் செய்தியைத் திறந்தால் ஐபேட்டை உலகுக்குக் காட்டிய ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார் என்றார்கள். குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாளில் இப்படி இரண்டு சிலேட்டுகளின் செய்தி அடுத்தடுத்து வந்ததும், கண் அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்துகளைப் படிக்க முடியாமல் இருந்த உன் அப்பா, “எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமாமே” என்று கேட்கத் தொடங்கினார். ஆகாஷ் மாணவர்களுக்கென்று வந்தது. அதன் 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் புத்தகப் பக்கங்களைப் புரட்டுவதற்கே திணறும் என்று எனக்குத் தோன்றியதால், அதற்காகக் காத்திருக்காமல் நவம்பரில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கினோம்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் ஏழு அங்குலத் திரையுள்ள ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். அட்டைப் பெட்டியில் ‘3ஜி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து சிம் போடும் இடத்தைத் தேடித் தேடிக் களைத்த பிறகுதான், சிம் போட்ட டாங்கிள் என்கிற இணையக் குச்சி ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகினால் 3ஜி வரும் என்பதே அந்த எழுத்தின் பொருள் என்று புரிந்தது. ஆண்ட்ராய்டு என்று சொல்லி விற்றார்களே தவிர, மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் கூகுளின் கடையான ஆண்ட்ராய்டு மார்க்கெட் அதில் இல்லை. கூகுளின் அனுமதி பெறாமல் செய்யப்படும் கருவிகளில் அது இருப்பதில்லையாம். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “மேடம், இந்த விலைக்கு இவ்வளவுதான்” என்றார். முப்பத்திரண்டு ஆண்டு பள்ளியில் அறிவியல் நடத்தியவளுக்கு இது போதாதா என்று உன் அப்பா இன்றும் சிரிக்கிறார்.

ஆனாலும் அந்தக் கருவியை முழுவதும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் திரைதான் காரணம். அழுத்தினால் வேலை செய்யும் வகைத் திரை அது. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒரு தகடு, இரண்டும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றனவோ அந்த இடத்தை அது கண்டுகொள்ளும். ஆகவே விரல்தான் வேண்டும் என்பதில்லை; நகமோ பேனா மூடியோ போதும். கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே உன் அப்பா காலை ஆறு மணிக்கு அதில் பக்கம் புரட்டுகிறார். விலை உயர்ந்தவற்றில் இருப்பதோ தொட்டாலே போதும் என்கிற கண்ணாடித் திரை. அது நம் தோலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு விரலை உணர்கிறது. கையுறை போட்டால் அதற்கு நீ யாரோ, நான் யாரோ.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. பக்கத்து எஸ்டேட் மேலாளர் ஒரு சாம்சங் கேலக்ஸி டேப் வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது எல்லாருக்கும் காட்டினார். கீழ்வீட்டுப் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும், முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த கை. அவர் ஆசையாகத் தம் பேரனின் படத்தை நகர்த்தப் பார்த்தார். ஐந்து முறை தேய்த்தும் அது அசையவில்லை. காய்ப்பேறி, குளிரில் வெடித்து உலர்ந்துபோன விரல் நுனியைக் கண்ணாடி கண்டுகொள்ளவே இல்லை. “என் விரலுக்கு உயிர் இல்லையாக்கும்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. நம் பழைய கருவியை எடுத்துக் கொடுத்தேன், அழுத்தினார், நகர்ந்தது. அதை அவர் வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் ஏன் புதியது கேட்கிறேன் என்பாய். தமிழுக்காகத்தான். வாங்கிய அன்று இணையத்தில் தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தால், வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள். அந்த ஆண்ட்ராய்டு 2.2-இல் தமிழ் எழுத்துருவே இல்லை. இங்குள்ள கணினி மையத்துத் தம்பி ஓர் எழுத்துருவை உள்ளே ஏற்றினார். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கெ’ என்பதைச் சேமிக்கும்போது முதலில் ‘க’, அதன் பின்னால் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலையை அது கற்றுக்கொள்ளவில்லை. உன் அப்பா ஒரு பத்தியைப் படித்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஏட்டைத் திருத்துவதுபோல் இருக்கிறது என்று கீழே வைத்துவிட்டார்.

பிறகு அதே தம்பி ஒரு வழி சொன்னார். ஓப்பரா மினி உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஓப்பரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் வரும். அதன் கடைசியில் சிக்கலான எழுத்துகளைப் படமாக்கிக் காட்டும் தெரிவுக்கு ‘ஆம்’ கொடுத்தால், எழுத்துகள் அவர்களுடைய கணினியிலேயே படங்களாக மாற்றப்பட்டு நமக்கு வந்துசேரும். தமிழ் அழகாகத் தெரிந்தது. ஆனால் படமாக வருவதால், நம் மலையில் கிடைக்கும் 2ஜி வேகத்தில் ஒரு பக்கம் வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப் நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஏழு அங்குலத்தில் எழுத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். நாலடியாருக்கு நாலு இழுப்பு என்றால் தாங்கலாம், உரைநடைக்கு முடியாது.

ஏழு அங்குலக் கருவியோடு விரலைத் தேய்த்துச் சிறிதாக்க உப்புத்தாளும் தர வேண்டும் என்று ஜாப்ஸ் 2010-இல் கேலி செய்தாராம். விரலைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பொருட்டல்ல. படிக்கும் கண்ணுக்கு ஏழு அங்குலம் போதாது என்பது என் அனுபவம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எதிர்வீட்டுக்கு வந்த பெண்ணின் ஐபேட் 2-ஐ ஒரு மாலை முழுவதும் இரவல் வாங்கிப் பார்த்தோம். 9.7 அங்குலத்தில் முழுப் பக்கமும் அடங்கியது. இணையப் பக்கங்களில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. தமிழில் தட்டச்சு செய்ய உள்ளே பலகை இல்லை, ஆனால் உன் அப்பா எழுதப் போவதில்லை. எடைதான் கொஞ்சம் உறுத்துகிறது: 601 கிராம். கேலக்ஸி டேப் 380 கிராம்தான். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்ததால் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டார். இணையப் பக்கங்களில் அசைபடம் காட்டும் ஃபிளாஷ் மென்பொருள் ஐபேடில் ஓடாது என்பதைக் குறையாக எண்ணாதே. கைக்கருவிகளுக்கு அதைச் செய்வதை நிறுத்தப் போவதாக அடோபி நிறுவனமே நவம்பரில் சொல்லிவிட்டது.

ஆகவே ஐபேட் வாங்கு. 16 ஜிபி போதும், சிம் போடும் வகை வேண்டாம். இங்கே தொலைபேசிக் கம்பி வழியே வரும் பிராட்பேண்டுக்கு ஒரு வைஃபை மோடம் மாட்டிக்கொள்கிறேன். மின்வெட்டின்போது மோடமும் படுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் மின்வெட்டு நேரத்தில் இறக்கி வைத்த நூல்களைப் படிக்கலாம். பத்து மணி நேரம் நிற்கும் மின்கலம் அதற்குத்தான். அவசரப்படாதே. மார்ச்சில் புதியது வரும் என்று பேச்சு அடிபடுகிறது. சென்ற ஆண்டு மார்ச்சில் இரண்டாவதை அறிவித்ததும் முதலாவதன் விலை இறங்கியது, இம்முறையும் இறங்கினால் பழையதையே வாங்கு. இங்கே 29,500 ரூபாய். அங்கு என்ன விலையோ, அதை என் ஓய்வூதியத்திலிருந்து தருவேன், மறுக்காதே. சிங்கப்பூர் சார்ஜரின் செவ்வக முனைகள் நம் சுவர்த் துளைகளில் நுழையா. மாற்றுச் செருகி ஒன்றையும் சேர்த்து வாங்கு. கையுறைக்கு நானே வழி செய்துகொண்டேன்: வலக்கைக் கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியை வெட்டித் தைத்துவிட்டேன்.

கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார். ‘கோத்தகிரி’ என்பதன் முதல் எழுத்தில் இரட்டைக் கொம்பு ‘க’வுக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நின்றால் மட்டும் பணத்தைக் கொடு.

அன்புடன்,
அம்மா