குளியலறைச் சுவரில் குளவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உச்சிப்புளியில் எல்லோரும் சுகம். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் குளியலறைச் சுவரில் இருப்பது ஈ இல்லை தாயி, குளவி. கறுப்பு உடம்பு, நீலக் கண், மெல்லிய காம்பில் சின்ன வயிறு. அதைக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆட்டும். மனுசரைக் கொட்டாது. மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவதைக் கொஞ்சம் நிறுத்திவை.

அது வந்தது கரப்பான் முட்டைக்காக. வீட்டில் ஓடும் பெரிய செங்கரப்பான் ஒரு பழுப்புக் கூட்டுக்குள் ஏறக்குறைய 15 முட்டைகளை அடைத்து, ஏதாவது இடுக்கில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஓடு கெட்டி, தெளிக்கிற மருந்து எளிதில் இறங்காது. தாய்க் குளவி அந்தக் கூட்டை மீசையால் தடவிப் பார்த்து, துளைத்து, ஒரே ஒரு முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு உள்ளே இருக்கிற முட்டைகளையெல்லாம் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வரும். ஒரு கூட்டுக்கு ஒரு குளவிதான்.

நம் பனங்காட்டில் காவோலையைப் புரட்டினால் ஓடுகிற கரப்பான்மேல் எனக்குக் கோபம் இல்லை. உலகத்தில் 4,000க்கு மேல் கரப்பான் இனங்கள், வீட்டில் தொல்லை தருபவை அதில் கொஞ்சம்தான். தோப்பில் இருப்பவை மக்கும் ஓலையைத் தின்று மண்ணுக்குத் திருப்புகின்றன. கரப்பான் எதையும் தின்று பிழைக்கும். குளவிக்கு அந்த வசதி இல்லை. அது பூந்தேன் குடித்துக்கொள்ளும், ஆனால் அதன் பிள்ளைக்குக் கரப்பான் முட்டையை விட்டால் வேறு கதியில்லை.

பச்சையாக மின்னும் இன்னொரு குளவி உண்டு. அது வளர்ந்த கரப்பானையே பிடிக்கும். முதல் கொட்டு நெஞ்சில், முன்கால்கள் சற்று நேரம் அசையாது. இரண்டாவது கொட்டு தலைக்குள், மூளையிலேயே. அப்புறம் கரப்பானுக்கு நடக்க முடியும், தானாகக் கிளம்பத் தோன்றாது. குளவி மீசையைப் பிடித்து இழுக்க, பொந்து வரை கூடவே நடந்து போகும். அங்கே அதன் காலில் ஒரு முட்டையை ஒட்டி, வாசலைக் கல்லால் அடைத்துவிடும். புழு அதை உயிரோடு தின்னும். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கும். உன் வீட்டுக் குளவி முட்டையிலேயே முடித்துவிடுகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மருந்து அடித்தால் அதுவும் சாகும், ஓட்டுக்குள் இருப்பது பொரித்து வரும். அதற்குப் பதில் அலமாரிக்குப் பின்னால் கூடு இருக்கிறதா பார், கசிகிற குழாயைச் சரிசெய், தண்ணீர் போகும் துளைக்கு வலை போடு. அம்மா கருப்பட்டி கொடுத்துவிடுகிறாள். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவை.

அன்புடன்,
அப்பா