கிலாபத் இயக்கமும் நம் டெல்டாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருக்கி சுல்தான் வகித்த கலீபா (உலக முஸ்லிம்களின் சமயத் தலைவர்) பதவியைக் காக்க ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிலாபத் இயக்கத்தை வடநாட்டு விவகாரமாக மட்டுமே காட்டிவிட்டு நகரும் கட்டுரைகள் வருத்தமளிக்கின்றன. துருக்கி சுல்தானின் ஆட்சிப்பரப்பைச் சிதைத்த செவ்ர் உடன்படிக்கை கையெழுத்தான அதே 1920 ஆகஸ்டில், காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் கும்பகோணத்திலும் நாகூரிலும் ஒத்துழையாமைக்கு ஆதரவு திரட்டிவிட்டுத் திருச்சிக்குச் சென்றனர்.

ஆங்கிலேயர் படையில் முஸ்லிம்கள் பணியாற்றுவது மார்க்கத்துக்கு விரோதம் என்று 1921 ஜூலையில் கராச்சி மாநாடு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்காக, செப்டம்பரில் காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த, ஷௌகத் அலியின் தம்பி மௌலானா முகமது அலியை வால்டேர் (விசாகப்பட்டினம்) ரயில் நிலையத்தில் கைது செய்தனர். உடன் வந்த அவருடைய மனைவியோ ஊர் திரும்பாமல் காந்தியடிகளுடன் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த அம்மையாரின் துணிவு தனியே எழுதப்பட வேண்டியது. அலி சகோதரர்கள் இருவருக்கும் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

1924 மார்ச்சில் துருக்கியே கலீபா பதவியை ஒழித்ததால் இயக்கம் ஓய்ந்தது உண்மைதான். அதனால் இங்கே திரண்டவர்களின் அந்நிய ஆட்சி எதிர்ப்பு பொய்யாகிவிடாது. அக்காலத்துக் கடிதங்கள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள் டெல்டாவில் எவர் வீட்டுப் பரணில் எஞ்சியிருந்தாலும், அவை செல்லரிக்கும் முன் திரட்டிப் பதிப்பிக்க நம் மாவட்ட நூலகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், நாகூர்