மூன்று நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாமாண்டு வகுப்பில் ஒருநாள் இப்படிக் கேட்டேன்: மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு? இயக்கச் சமன்பாடுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள்தான், ஆனால் பாதிக்கு மேல் பூஜ்யம் என்றார்கள். நான் சரி, தப்பு எதுவும் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசுங்கள் என்று விட்டுவிட்டேன். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, கடைசி பெஞ்ச், வகுப்பில் வாயே திறக்காதவர், தோழியிடம் கேட்டார்: "முடுக்கமும் பூஜ்யம்னா பந்து அங்கயே தொங்கிக்கிட்டுல்ல இருக்கணும், எப்படிடி கீழ வரும்?" மறுபடி கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் சரியான விடையான 9.8 பக்கம் வந்துவிட்டார்கள்; புவியீர்ப்பு தரும் அந்த முடுக்கம் உச்சியிலும் அப்படியேதான் இருக்கிறது. அதையே நான் எத்தனையோ தடவை போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன், ஏறவே இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991லேயே இப்படி நடத்தத் தொடங்கிவிட்டார். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சராசரியாக 100க்கு 34 பேர் தேறவில்லை, பேசியும் செய்தும் படித்தவர்களில் அது 22 பேர்தான் என்கிறது. வித்தியாசம் 12 பிள்ளைகள். நம் ஊரில் அவர்களில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களாக இருப்பார்கள்.

வகுப்பில் சத்தம் கேட்டால் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், அது பரவாயில்லை. மாணவர்களே "சார், நோட்ஸ் குடுத்துடுங்க" என்கிறார்கள், அதுதான் கஷ்டம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஹார்வர்டிலேயே 2019ல் வந்த ஓர் ஆய்வில், பேசிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் வாங்கியும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்திருக்கிறார்கள். யோசிக்கிற வேலை கடினம், கேட்டுக்கொண்டிருப்பது சுகம். அப்புறம் எங்கள் செமஸ்டர் தாளிலும் டெரிவேஷனுக்குத்தான், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வருவித்து எழுதுவதற்குத்தான் மார்க், மனப்பாடம் போதும், பின்னே ஏன் யோசிப்பார்கள்?

ஆகவே பல்கலைக்கழகத்தில் வினாத்தாள் எடுப்பவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு தாளிலும் பத்து மதிப்பெண்ணுக்காவது அந்தப் பந்துக் கேள்வி மாதிரி கேளுங்கள், மனப்பாடத்தில் விடை கிடைக்காத மாதிரி. இதற்கு ஸ்மார்ட் போர்டும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். மூன்று நிமிடம் பேச விடுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
கடலூர்.