எங்கள் படகுக்கு இன்னொரு சாட்சி வேண்டும்

இந்திய விண்வெளித் துறையின் பொறுப்பாளர்களுக்கு, தங்கச்சிமடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அப்பா வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், பாய்மர வல்லம் ஓட்டியவர். பகலில் ராமேசுவரம் கோயில் கோபுரம், இரவில் கலங்கரை விளக்கம், இரண்டும் மறைந்துவிட்டால் ஆறாமீனும் விடிவெள்ளியும் அவருக்கு வழி சொல்லும். அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறார். அவருக்கு உள்ளங்கை அகலத் திரையில் நகரும் ஒரு புள்ளிதான் எல்லாமே. வலை கிழிக்கும் பாறை எங்கே, கரை எந்தப் பக்கம், கடல் எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை அந்தப் புள்ளியிடம்தான் கேட்கிறார்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலான இந்த எல்லை 1974-இல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. தண்ணீரில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தமே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மீனைத் தேடித் தெரிந்தே தாண்டுகிற படகுகளும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாண்டவில்லை என்று சொல்கிறவனுக்கும் அந்தப் புள்ளியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி இரவில், எல்லைக்குச் சற்று முன்னால் அண்ணனின் திரையில் புள்ளி அசையாமல் நின்றுவிட்டது. கருவிப் பழுதா, சிக்னல் வரவில்லையா, இன்றுவரை தெரியாது. பனிமூட்டத்தில் எந்த விளக்கும் கண்ணில் படவில்லை. நங்கூரம் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஐந்து பேரும் விடியும்வரை விழித்திருந்தார்கள். வெயில் ஏறி ராமேசுவரத்து டி.வி. கோபுரம் தெரிந்த பிறகுதான் படகைத் திருப்பினார்கள். கரையில் அண்ணி அன்று நின்ற நிலை எனக்குத் தெரியும்.

அந்தப் புள்ளிக்கு உயிர் கொடுக்கும் ஜிபிஎஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்க விண்வெளிப் படையின் கையில் இருக்கிறது. ராணுவத்துக்காகவே கட்டியது அது. 1983-இல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்த பிறகே, பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. அதன் பிறகும் 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். நூறு மீட்டர்வரை இடம் தவறும். இன்று கலப்பதில்லை, காசும் கேட்பதில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் நாங்கள். என்றாலும் சாவி அடுத்த நாட்டுப் படையிடம் இருக்கிறது. அவர்கள் கைவைக்காவிட்டாலும், 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து மெலிந்து வரும் சிக்னலை வேறு எவரும் குழப்பலாம். 2017-இல் கருங்கடலில் நின்ற கப்பல்களை, கரையில் இருந்த விமான நிலையத்தில் நிற்பதாகக் கருவிகள் காட்டின. இங்கே அப்படி ஒரு இரவு வந்தால் எங்கள் ஆட்கள் போய்ச் சேருவது சிறைக்கு.

ஜிபிஎஸ் போலவே செயற்கைக்கோள்களால் இடம் காட்டும் நாவிக் நம்முடையது, இஸ்ரோ நடத்துவது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இடம் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இடம் காட்டும் பணியைச் செய்கின்றன என்று 2025-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. குறைந்தது நாலு பேராவது தூக்க வேண்டிய வல்லத்தை நாலே பேர் தூக்கினால், ஒருவன் கால் இடறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும்.

உங்கள் சிரமமும் புரிகிறது. சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள், அதனால் செயற்கைக்கோளில் இருக்கும் அணுக்கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கடிகாரங்கள் பழுதானபோது, நம் நாட்டிலேயே செய்த கடிகாரத்தை 2023-இல் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏற்றினீர்கள். அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. 2025 ஜனவரியில் என்விஎஸ்-02 உரிய பாதையை எட்டாமல் போனபோது வருத்தப்பட்டோம். அதற்காக வேகம் குறையக் கூடாது.

ஏழையும் நிரப்புங்கள், மாற்றுக்கும் ஒன்றிரண்டு வையுங்கள். ஜிபிஎஸ், நாவிக் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் முரண்பட்டால் உடனே ஒலி எழுப்பும் கருவியை, நாட்டுப்படகுக்காரரும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவாருங்கள். நாவிக் சிக்னலையும் குழப்ப முடியும் என்பது தெரியும். இரண்டு சாட்சிகளை ஒரே பொய்யைச் சொல்ல வைப்பது அவ்வளவு எளிதல்ல.

அடுத்த செயற்கைக்கோள் என்றைக்கு ஏறும், எங்கள் படகுத் திரையில் என்றைக்குத் தெரியும் என்ற இரண்டு தேதிகளையும் பொதுவில் அறிவியுங்கள். வரும் சனிக்கிழமை அண்ணன் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகிறார்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண்