டிஸ்சார்ஜ் சீட்டு எங்கள் ஊர் டாக்டருக்கும் போய்ச் சேர வேண்டி ஒரு மனு

அனுப்புநர்
ஒரு சர்க்கரை நோயாளியின் மகள்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நோயாளியின் சிகிச்சை விவரங்களைக் குடும்ப மருத்துவரும் மருத்துவமனைகளும் கணினி வழியாகப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இருபது வருடமாக எங்கள் ஊர் டாக்டரிடம்தான் காட்டுகிறோம். அவர் மருந்து எழுதித் தரும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், 'சல்பா மாத்திரை ஆகாது' என்று அடிக்கோடிட்டிருக்கிறார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறி 108-இல் ஏற்றியபோது அந்த நோட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. "பழைய சீட்டு எங்கேம்மா? எந்த மாத்திரையாவது ஒத்துக்காதா?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். பதற்றத்தில் எனக்கு மாத்திரையின் நிறம்தான் ஞாபகம் வந்தது. முந்தின வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைகளையே மறுபடி எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் ஒரு காகிதமும் இல்லாமல் என்னதான் செய்வார்கள்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய கூத்து. பழைய டப்பாவில் இருந்ததும் புதுச் சீட்டில் இருந்ததும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. தெரியாமல் நான்கு நாள் இரண்டையும் கொடுத்துவிட்டேன். எங்கள் டாக்டர் பார்த்துத்தான் நிறுத்தினார்.

இத்தனைக்கும் அம்மாவிடம், மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைப்பதற்கான 14 இலக்க ஆபா (ABHA) எண் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரி சர்க்கரை அளவைச் செல்போனில் பதிந்துகொண்டு போகிறார். அதில் எதுவும் எங்கள் டாக்டரின் கண்ணுக்கு வருவதில்லை. அவருடையது ஒற்றை அறை கிளினிக், கம்ப்யூட்டர்கூடக் கிடையாது.

முழு ஃபைலும் வேண்டாம். ஆகாத மருந்து, இப்போது சாப்பிடும் மருந்து, கடைசி டிஸ்சார்ஜ் சீட்டு, இவை மட்டும் ஒரே பக்கத்தில் எங்கள் டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் இடையே போய்வந்தால் போதும். சிறு கிளினிக் டாக்டர்கள் செல்போனிலேயே பதிய இலவசச் செயலி ஒன்றும் தர வேண்டும்.

அப்புறம், ஓ.டி.பி. அம்மாவின் ஆபா எண்ணுக்கான ஓ.டி.பி. திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பியின் போனுக்குப் போகிறது. பதிவைத் திறக்க இப்படிச் சம்மதம் கேட்பது சரிதான், வேண்டியதும்தான். ஆனால் அவசரத்தில் கூட இருப்பவர் சம்மதம் தர வழி வேண்டும். யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று எங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் கைக்கு இது போய்விடக் கூடாது என்ற பயமும் எங்களுக்கு உண்டு.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: நோட்டின் முதல் பக்க நகல், டிஸ்சார்ஜ் சீட்டு நகல்.